தொட்டாற்சிணுங்கிக்கு நரம்பு இல்லை, சரி. அப்படியானால் தொட்ட சேதி அடுத்த இலைக்கு எப்படிப் போகிறது?

மேட்டுத்தெரு எழுதியது:

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. நரம்பு மண்டலம் ஒரு பாடம், அதை ஒட்டியே தாவர, விலங்கு ஹார்மோன்கள் இன்னொரு பாடம். டியூஷனில் கொடுத்த நோட்ஸில் இரண்டையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்கள். விலங்குகளில் கட்டுப்பாடும் ஒருங்கிணைப்பும் நரம்பாலும் ஹார்மோனாலும் நடக்கும், தாவரங்களில் ஹார்மோனால் மட்டும் நடக்கும், ஆகவே தாவரங்களின் துலங்கல், அதாவது தூண்டலுக்குக் காட்டுகிற பதில், மெதுவானது, இவ்வளவுதான் அதில் இருப்பது. மனப்பாடம் பண்ணிவிட்டுப் போயிருக்கலாம். இவளோ தெருமுனைக் காலி மனையில் படர்ந்து கிடக்கிற தொட்டாற்சிணுங்கியைக் காட்டி, "ஹார்மோன் மெதுவாத்தானே போகும், இது மட்டும் எப்படிப்பா ஒரு நொடியில மூடுது" என்கிறாள்.

நான் படித்தது வணிகவியல், பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். நுனியில் இருக்கிற சிற்றிலையைத் தொட்டால் அது மட்டும் மூடுவதில்லை, ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டே காம்பை நோக்கி வருகிறது, கொஞ்சம் பலமாகத் தட்டினால் காம்பே பொத்தென்று தொங்கிவிடுகிறது. உள்ளே ஏதோ ஓடுகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. அது என்ன? நரம்பு இல்லாமல் எதன் வழியாக ஓடுகிறது? அட்டவணை தப்பா, இல்லை இந்தச் செடி மட்டும் விதிவிலக்கா? இன்னொன்று, அதற்கு வலிக்குமா என்று சின்னவன் கேட்கிறான், இப்போதெல்லாம் அந்த மனையைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறான். பரீட்சையில் என்ன எழுதுவது என்பதையும் யாராவது சொல்லுங்கள், மார்க் போய்விடக் கூடாது.


கொடிமல்லி எழுதியது:

உள்ளே ஓடுவது மின்சாரம்தான் சார். பேச்சுக்குச் சொல்லவில்லை, காம்பில் மின்முனை வைத்து அளக்கலாம், நிறையப் பேர் அளந்திருக்கிறார்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், அந்த அட்டவணையை வருடா வருடம் பிள்ளைகள் தலையிலிருந்து இறக்குவதே எனக்குப் பாதி வேலை.

முதலில் நரம்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். உயிருள்ள எந்த செல்லை எடுத்தாலும் அதன் சவ்வுக்கு உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் எதிர்மின்னாக இருக்கும். நரம்பு செல்லைத் தூண்டினால் சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அந்த மின்னழுத்த வித்தியாசம் ஒரு கணம் தலைகீழாகும், பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். இந்தக் குலுக்கல் பக்கத்துப் பகுதியைக் கிளப்பிவிடும், அது அதற்கு அடுத்ததை. ஒரு இடத்தில் எல்லாம் முடிய ஒன்றிரண்டு மில்லிநொடி போதும். தொட்டாற்சிணுங்கியிலும் இதே வேலைதான், அயனிகள் மட்டும் வேறு. சோடியத்துக்குப் பதிலாகக் கால்சியம் உள்ளே வருகிறது, குளோரைடு வெளியே போகிறது, அப்புறம் பொட்டாசியம் வெளியே போகிறது. மில்லிநொடிக்கு பதில் சில நொடிகள் பிடிக்கிறது. போகிற பாதை, காம்பிலும் தண்டிலும் உணவைக் கடத்துகிற ஃபுளோயமும் அதை ஒட்டிய செல்களும். வேகம் ஏறக்குறைய நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர். நீங்கள் பார்த்த அந்த ஜோடி ஜோடியான மூடல் இந்த அலை நகர்வதுதான், அதனால்தான் கண்ணாலேயே பின்தொடர முடிகிறது.

சேதி வந்தாயிற்று, இலை எப்படி அசைகிறது? செடிக்குத் தசை கிடையாது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும், காம்பு தண்டில் சேருகிற இடத்திலும் சின்ன வீக்கம் மாதிரி ஒன்று இருக்கும், பல்வினஸ் என்று பெயர், பாடப்புத்தகங்களில் அதைப்பு என்றும் போடுவார்கள். அந்த வீக்கத்துக்குள் இருக்கிற செல்கள் தண்ணீர் நிரம்பி விறைத்து நிற்பதால்தான் இலை விரிந்து நிற்கிறது. வாடின கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தால் நிமிருவதும் இதே விறைப்பழுத்தம்தான். சேதி வந்ததும் பல்வினஸின் ஒரு பக்கத்துச் செல்கள் மட்டும் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விடுகின்றன, உப்பு போன பக்கம் தண்ணீரும் போகிறது, அந்தப் பக்கம் தளர்கிறது, எதிர்ப்பக்கம் விறைப்பாகவே இருப்பதால் தள்ளி மடக்கிவிடுகிறது. சிற்றிலையில் தளர்வது மேல்பக்கம், அதனால் மேல்நோக்கிக் கூம்புகிறது. பெரிய காம்பில் தளர்வது கீழ்ப்பக்கம், அதனால் தொங்குகிறது. அடுத்த முறை போனால் பெரிய காம்பின் அடியில் அந்த வீக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், இலையைத் தொடாமலே காம்பு விழும்.

மூடுவது ஓசி, திறப்பதுதான் செலவு. வெளியே போன அயனிகளை மறுபடி உள்ளே இழுக்க செல் ஆற்றல் செலவழித்துப் பம்ப் செய்ய வேண்டும், அதற்குப் பத்து இருபது நிமிடம் பிடிக்கும். அது வரைக்கும் வெயில் வாங்குகிற பரப்பும் குறைவு.

தொடுவதற்கும் சுடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. லேசாகத் தொட்டால் மின் அலை பெரும்பாலும் அந்த இலையோடு நின்றுவிடும். தீப்பட்டாலோ வெட்டுப்பட்டாலோ இன்னொரு வகைச் சைகை கிளம்புகிறது, அது மெதுவானது, ஆனால் அடுத்தடுத்த இலைகளுக்கும் போகும். 1916 இல் ரிக்கா என்கிற இத்தாலிக்காரர் இந்த இனத்துச் செடி ஒன்றின் தண்டை வெட்டி, இரண்டு துண்டையும் தண்ணீர் நிரப்பிய குழாயால் இணைத்தார். கீழ்த்துண்டைத் தூண்டினால் மேல்துண்டின் இலைகளும் மூடின. நடுவில் இருந்தது வெறும் தண்ணீர் என்பதால், காயத்திலிருந்து ஏதோ வேதிப்பொருள் நீர்க்குழாய் வழியாகவும் போகிறது என்று ஆனது. ஆக ஒரே செடியில் மின்சாரமும் இருக்கிறது, வேதியும் இருக்கிறது.

இதெல்லாம் நேற்று வந்த செய்தியும் இல்லை. பூச்சி பிடிக்கிற வீனஸ் பொறிச் செடியில் டார்வின் கேட்டுக்கொண்டதால் பர்டன் சாண்டர்சன் என்கிற ஆங்கிலேய உடலியலாளர் 1873 இலேயே மின் சைகையை அளந்துவிட்டார். நம் ஜகதீஷ் சந்திர போஸ் தொட்டாற்சிணுங்கியிலும், தானாகவே சிற்றிலையை ஆட்டிக்கொண்டிருக்கிற தொழுகண்ணியிலும் வருடக்கணக்கில் வேலை செய்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய கைகள், தண்ணீர் அழுத்தம் குழாயில் தள்ளப்படுவதுதான் இது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, இது மின் கிளர்ச்சி கடத்தப்படுவது என்று நின்றவர் அவர். நூறு வருடம் ஆகியும் டியூஷன் நோட்ஸ் அதை எட்டவில்லை.


குறுக்குக்கேள்வி எழுதியது:

போஸ் பெயரைச் சொன்னதால் கேட்கிறேன். மின்சாரம் ஓடுகிறது என்கிறீர்கள். மயக்க மருந்து கொடுத்தால் தொட்டாற்சிணுங்கி மூடுவதை நிறுத்திவிடும், காற்றோட்டமாக வைத்தால் தெளிந்துவிடும், இதையும் படித்திருக்கிறேன். இவ்வளவையும் ஒரு நாயிடம் பார்த்தால் வலி உண்டு என்று மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வோம், செடி என்றதும் மட்டும் ஏன் இழுக்கிறீர்கள்? மூளை இருந்தால்தான் வலி என்பதே மூளை இருக்கிறவர்கள் போட்ட சட்டம்தானே. அந்தச் சின்னப் பையன் சுற்றிக்கொண்டு போவது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.


தண்டுவடம் எழுதியது:

செடி பற்றி மேடம் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் பிசியோதெரபிஸ்ட். "அசைகிறது, அதனால் உணர்கிறது" என்ற கணக்கு மனிதனிடமே செல்லாது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விபத்தில் தண்டுவடம் முழுவதுமாக அறுந்துபோனவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே தொடுவது தெரியாது, ஊசி குத்துவது தெரியாது. முதலில் கொஞ்ச காலம் கால் துவண்டு கிடக்கும். பிறகு ஒருநாள் உள்ளங்காலைக் கீறிவிட்டால் கால் வெடுக்கென்று மடங்கும். பக்கத்தில் இருக்கிற அம்மாவோ மனைவியோ உணர்வு வந்துவிட்டது என்று அழுதுகொண்டே ஓடி வருவார்கள். அவரிடம் கேட்டால் கால் மடங்கியதே தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பார். அந்த வீட்டாரிடம் இதை விளக்குவதைவிடக் கஷ்டமான வேலை என் தொழிலில் எனக்கு வேறு இல்லை. நரம்பு இருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது, தசை இழுக்கிறது, துலங்கல் அத்தனை கச்சிதமாக நடக்கிறது, வலி மட்டும் அங்கே இல்லை. ஏனென்றால் இந்த அனிச்சைச் செயலின் வட்டம் தண்டுவடத்திலேயே முடிந்துவிடுகிறது. மூளைக்குப் போவது தனிக் கிளை, அது அறுந்துவிட்டது.

நமக்கெல்லாம் அந்தக் கிளை இருக்கிறது, இருந்தும் அது தாமதம்தான். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் கையை இழுத்தபிறகுதான் ஸ்ஸ் என்கிறோம். வலியில் இரண்டு வண்டி இருக்கிறது, சுரீர் என்கிற வலியைக் கொண்டுவருகிற நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர், பின்னால் வருகிற விண்விண் என்கிற வலியின் இழைகளுக்கு மையலின் என்கிற, சேதியை வேகப்படுத்துகிற கொழுப்பு உறை கிடையாது, அவை நொடிக்கு 2 மீட்டருக்கும் கீழேதான். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நன்றாகத் தெரியும். தசைக்கு ஆணை கொண்டுபோகிற தடித்த இழைகள் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். மேடம் சொன்ன 3 சென்டிமீட்டரை இதோடு வைத்துப் பார்த்தால், நம்முடைய ஆக மெதுவான நரம்புகூடப் பத்துப் பதினைந்து மடங்காவது முந்தும்.

ஆனால் என்னைக் கேட்டால் வேகம் இரண்டாம் பட்சம். நரம்பு மண்டலத்தின் உண்மையான கைவரிசை ஒருங்கிணைப்பு என்கிற அந்தச் சொல்லில் இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். வெறுங்காலில் நெருஞ்சி முள் குத்துகிறது. குத்திய காலை மடக்க வேண்டும், அதற்கு மடக்கும் தசை சுருங்கினால் மட்டும் போதாது, அதே சமயம் நீட்டும் தசை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் மல்லுக்கட்டிக் கால் அப்படியே நிற்கும். தண்டுவடம் ஒன்றுக்கு இழு என்றும் மற்றதற்குச் சும்மா இரு என்றும் ஒரே நேரத்தில் சேதி அனுப்புகிறது. இதை விளக்கியவர் ஷெரிங்டன், 1932 இல் நோபல் பரிசு வாங்கியவர். அது மட்டுமா, ஒரு காலைத் தூக்கினால் உடம்பு சாயுமே, அதனால் அடுத்த காலுக்கு நேர்மாறான சேதி போகிறது, நீட்டு, விறை, பாரத்தைத் தாங்கு என்று. முள்ளே படாத கால் அது! இவ்வளவும் மூளையைக் கேட்காமல். நடுவில் ஒரு இடத்தில் சேதிகள் கூடி, கூட்டிக் கழித்து, வேறு வேறு இடத்துக்கு வேறு வேறு உத்தரவாகப் பிரிகிறது. தொட்டாற்சிணுங்கியில் அலை போகிற இடமெல்லாம் ஒரே உத்தரவு, மடங்கு என்று. பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன், மேடம் திருத்தலாம்.

ஹார்மோன் பக்கமும் ஒரு வரி. சாலையில் லாரி உரசிக்கொண்டு போனால் ஒதுங்குவது நரம்பு வேலை, அரை நொடியில் முடிந்தது. லாரி போய்ப் பல நிமிடம் கழித்தும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, அது ரத்தத்தில் கலந்துவிட்ட அட்ரினலின். இன்சுலினும் அப்படித்தான், ரத்தம் போகிற இடமெல்லாம் போகும், அதற்கான ஏற்பி எந்த செல்லில் இருக்கிறதோ அங்கே வேலை செய்யும். ஆக நம் உடம்பிலும் எல்லாமே வேகம் இல்லை. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றிவிட்டு மறு பரிசோதனைக்கு ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?


கொடிமல்லி எழுதியது:

திருத்த ஒன்றும் இல்லை, ஒரே ஒரு இடத்தில் கூட்டிச் சொல்கிறேன். செடியிலும் கூட்டிக் கழித்தல் கொஞ்சம் உண்டு. வீனஸ் பொறிச் செடி அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களின் சதுப்பில் மட்டும் இயற்கையாக வளர்வது. அதன் பொறியில் ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள். ஒரு முடியைப் பூச்சி ஒருமுறை தொட்டால் ஒன்றும் நடக்காது, மழைத்துளியாகக்கூட இருக்கலாமே. இருபது முப்பது நொடிக்குள் இரண்டாவது தொடுகை வந்தால்தான் பொறி மூடும். மூடிய பிறகும் உள்ளே பூச்சி துள்ளி ஐந்து தொடுகை வரை ஆனால்தான் செரிமான நொதி சுரக்க ஆரம்பிக்கும், 2016 இல் ஜெர்மனியில் இதை எண்ணியே காட்டினார்கள். நரம்பு ஒன்றுகூட இல்லாமல் எண்ணிக்கை! ஒவ்வொரு தொடுகைக்கும் செல்லுக்குள் கால்சியம் கொஞ்சம் ஏறுகிறது, சும்மா விட்டால் இறங்கிவிடுகிறது, அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் வேலை நடக்கிறது. எண்ணுவதற்கு மூளை வேண்டியதில்லை.

குறுக்குக்கேள்வி, மயக்க மருந்து விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது உண்மைதான், 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாட் பெர்னார்ட் என்கிற பிரெஞ்சு உடலியலாளர் ஈதர் என்கிற மயக்க மருந்தை வைத்துத் தொட்டாற்சிணுங்கியை அசையாமல் செய்தார். ஆனால் அவரே ஈதர் விதை முளைப்பதையும் நிறுத்துகிறது என்றும் காட்டினார். விதைக்கு வலி என்று யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா. மயக்க மருந்து செல்லின் சவ்வையும் அதில் இருக்கிற அயனி வாயில்களையும் பாதிக்கிறது, சவ்வு எல்லா உயிருக்கும் பொது. அது வேலை செய்வதை வைத்து அங்கே ஓர் உணர்வு இருந்தது என்று முடிவு கட்ட முடியாது.

இது ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டையான விஷயமும்கூட. செடிகளின் நரம்பியல் என்றே ஒரு துறைக்குப் பெயர் வைத்துச் சிலர் கிளம்பியபோது, 2007 இல் 36 தாவர விஞ்ஞானிகள் சேர்ந்து, நரம்பும் இல்லை, நரம்புகள் சேதி மாற்றிக்கொள்கிற சந்திப்பான சினாப்ஸும் இல்லை, மூளையும் இல்லை, இந்தப் பெயரால் யாருக்கு என்ன லாபம் என்று கடிதமே எழுதினார்கள். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில் மோனிகா காலியானோ குழுவினர் தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளை 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்தார்கள், ஆபத்தில்லை என்றானதும் செடி மூடுவதை நிறுத்தியது, பல நாள் கழித்துச் செய்தபோதும் மூடவில்லை. கற்றுக்கொண்டது என்று அவர்கள் சொல்கிறார்கள், களைப்புதான் என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கற்றல் பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஆனால் கற்றலிலிருந்து வலிக்குத் தாண்ட மாட்டேன்.

சரி, வலி இல்லாவிட்டால் எதற்கு இந்த நாடகம்? மேய வருகிற மாட்டுக்கு இலை காணாமல் போய் முள் மட்டும் தெரியும் என்பது பழைய விளக்கம். 2022 இல் ஜப்பானில் வெட்டுக்கிளியை விட்டுப் பார்த்தார்கள், அசைய முடியாதபடி செய்த செடிகளைச் சாதாரணச் செடிகளைவிட அதிகமாகத் தின்றிருந்தது.

இன்னொரு விஷயம், அட்டவணையின் விலங்குப் பக்கமும் ஓட்டைதான். கடற்பஞ்சு விலங்குதான், அதற்கு ஒரு நரம்புகூடக் கிடையாது. அதில் ஆழ்கடலில் இருக்கிற கண்ணாடிப் பஞ்சு என்கிற வகை, சேறு கலங்கி வந்தால் உடம்பு முழுக்க மின் சைகை அனுப்பித் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிடும். அந்தச் சைகையின் வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் காலி மனைச் செடி ஒரு விலங்கை ஏழெட்டு மடங்கு வேகத்தில் முந்துகிறது என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.


சாமந்திக்காடு எழுதியது:

எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசுவதால் மெதுவான பக்கத்துக்கு வக்கீலாக வருகிறேன். அக்ரி படித்துவிட்டு ஓசூர் பக்கம் அப்பாவோடு சாமந்தி போடுகிறேன். ராத்திரி பஸ்ஸில் போகிறவர்கள் தோட்டத்தில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்து, கல்யாண வீடா என்று கேட்பார்கள். சாமந்தி ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். நடு ராத்திரியில் வெளிச்சம் காட்டினால் செடி நீளமான ஒரு இருட்டை இரண்டு குட்டி இருட்டாக எடுத்துக்கொள்ளும், பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். போதுமான உயரம் வந்ததும் பல்பை நிறுத்தினால் மொட்டு கட்ட ஆரம்பிக்கும். விலை ஏறுகிற பண்டிகைக்குக் கணக்குப் போட்டு நிறுத்துகிறவன் கெட்டிக்காரன்.

இதில் ஒருங்கிணைப்பு எங்கே என்றால், இருட்டை அளப்பது இலை, பூப்பது நுனி. இரண்டுக்கும் நடுவில் சேதி போயாக வேண்டும். 1930களிலேயே ரஷ்யாவில் சைலாக்யான் இலையிலிருந்து ஏதோ ஒரு பொருள் போகிறது என்று சொல்லி அதற்கு ஃப்ளோரிஜன் என்று பெயரும் வைத்துவிட்டார், அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க எழுபது வருடம் ஆனது. எஃப்டி என்கிற ஒரு புரதம், இலையில் உருவாகி ஃபுளோயம் வழியாக நுனிக்குப் போகிறது. தொட்டாற்சிணுங்கியின் அலை போன அதே குழாய்தான், இது ஆற அமரப் போகிறது.

நட்டு நாலு வாரத்தில் நுனி கிள்ளுவோம், பெண்கள் விறுவிறுவென்று ஒரு வரிசையை முடித்துவிடுவார்கள். எதற்குக் கிள்ளுகிறோம்? நுனிமொட்டு ஆக்சின் என்கிற ஹார்மோனைக் கீழே அனுப்பிப் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் அடக்குகிற ஆள் போனார், பக்கக் கிளைகள் கிளம்பும், கிளைக்கு ஏற்ற பூ. ஆக்சின் என்ற பெயரே தெரியாத காலத்திலும் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஜிப்ரல்லின் என்கிற இன்னொரு ஹார்மோனின் கதை தலைகீழ், அது நோயிலிருந்து வந்தது. ஜப்பானியர்கள் நெல்லில் சில நாற்று மட்டும் வெளிறிக் கொடி மாதிரி ஓங்கி வளர்ந்து சாய்வதைப் பார்த்து ஆராய்ந்தார்கள், 1926 இல் குரோசாவா, அது ஒரு பூஞ்சை விடுகிற பொருளால் என்று காட்டினார். பிறகுதான் செடியே அந்த வகைப் பொருளைத் தனக்காகத் தயாரிக்கிறது என்று தெரிந்தது.

வாழைப்பழம் சொல்லாமல் விட்டால் ஊரில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். எத்திலின் என்கிற ஹார்மோன் ஒரு வாயு, அதனால் ஒரு காயிலிருந்து அடுத்த காய்க்குக் காற்றிலேயே போகிறது. பழுக்க ஆரம்பித்த காய் எத்திலின் விடும், அது பக்கத்துக் காயைப் பழுக்க வைக்கும், அதுவும் எத்திலின் விடும். அறையை அடைத்துப் புகை போடுவது இதைத்தான் தூண்டிவிடுகிறது, புகையில் எத்திலின் இருக்கிறது. கார்பைடு கல்லிலிருந்து வருவது அசிட்டிலின், எத்திலின் மாதிரி நடித்துக் காயை ஏமாற்றும், ஆனால் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்து வரும், அதனால்தான் தடை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருப்பது எத்திலின் வாயு, 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு.


மேட்டுத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடற்பஞ்சை முந்துகிறது என்றதும் மகள் குதித்துவிட்டாள். சின்னவனிடம் கால் மடங்கிய நோயாளி கதையைச் சொன்னேன், யோசித்துவிட்டு, "அப்போ செடிக்குத் தெரியாதுன்னு நமக்கு நிச்சயமாத் தெரியுமா" என்றான், நான் இங்கே திருப்பி விடுகிறேன். பரீட்சைக்கு மட்டும் ஒரு வழி சொல்லிவிடுங்கள் மேடம். அட்டவணைப்படி எழுதவா, நிஜத்தை எழுதவா? வீட்டிலேயே அளந்து பார்க்க ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.


குறுக்குக்கேள்வி எழுதியது:

சின்னவன் என் கட்சி.


கொடிமல்லி எழுதியது:

இருக்கட்டும், கட்சிக்கு ஆள் வேண்டும்தானே. வலி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்குத் தேவையான அமைப்பு எதுவும் செடியில் இதுவரை காணப்படவில்லை என்பதுதான் என் பதில். சுற்றிக்கொண்டு போகட்டும், அந்தச் செடிக்கு முள் இருக்கிறது, எப்படியும் நல்லதுதான்.

பரீட்சைக்கு இரண்டும் முட்டாமல் எழுதலாம். தாவரங்களுக்கு நரம்பு மண்டலம் இல்லை, வளர்ச்சி, பூத்தல், பழுத்தல் போன்றவை ஹார்மோன்களால் வேதி முறையில் ஒருங்கிணைக்கப்படுகின்றன என்று ஆரம்பிக்கட்டும். தொட்டாற்சிணுங்கி கேட்டால், இது தூண்டல் வரும் திசையைப் பொறுத்து அமையாத அசைவு, தூண்டல் செல்லிலிருந்து செல்லுக்கு மின்-வேதி சைகையாகக் கடத்தப்படுகிறது, பல்வினஸ் செல்களில் நீரின் அளவு மாறுவதால் இலை மடங்குகிறது, இந்த மூன்றையும் எழுதினால் எந்தத் திருத்துபவரும் குறைக்க மாட்டார். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே மின்-வேதி வழி என்பதும், அதற்கெனத் தனித் திசு இல்லை என்பதும் இருக்கிறது. ஒளியை நோக்கி வளைவதை இதோடு குழப்ப வேண்டாம், அது வளர்ச்சி, ஆக்சின் நிழல் பக்கம் கூடி அந்தப் பக்கச் செல்களை நீளச் செய்வதால் வருவது, வளைந்தது மூடித் திறப்பது மாதிரி நிமிடத்தில் திரும்பாது. திசை சார்ந்தது, சாராதது என்ற கேள்விக்கு எப்போதும் இந்த இரண்டைத்தான் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள்.

அளப்பதற்கு ஒரு ஸ்கேலும் ஊதுபத்தியும் செல்போனும் போதும். காலை வெயிலில் நன்றாக விரிந்திருக்கிற இலையைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேலை இலையில் படாமல் பின்னால் பிடித்துக்கொண்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஊதுபத்தியின் எரிகிற முனையை நுனிச் சிற்றிலைக்கு அருகே கொண்டுபோனால் போதும், ஒட்ட வேண்டாம், அது மூடியதும் எடுத்துவிடுங்கள். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்தி, எந்த ஜோடி எந்த நொடியில் மூடியது என்று குறித்து, தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். விரலால் லேசாகத் தட்டியும் தனியாக எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம், எது காம்பைத் தாண்டி அடுத்த இலைக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், ரிக்கா பார்த்தது அதுதான். விடியற்காலைக் குளிரில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எடுத்தால் குளிரில் அலை மெதுவாவதும் தெரியும். ஒரே இலையில் அடுத்தடுத்துச் செய்ய வேண்டாம், குறைந்தது அரை மணி விட்டுச் செய்யுங்கள், அல்லது வேறு இலைக்குப் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் ஒன்றும் கிடைக்காது, யாரும் தொடாமலே தானாக மூடியிருக்கும்.